வீட்டுக்கு வந்த பாறை

சிமெண்டுத் தரை போடுவதைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஆனி மாதம் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் நான்கையும் கலந்து கொட்டினால் அது காய்ந்து கல்லாகிவிடும் என்பதுதான் என் ஞானம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பிழைகள் இருந்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. சில பிழைகளுக்குப் பணமாக விலை கொடுத்தேன். ஒரு பிழைக்குக் கொடுத்த விலை எங்கள் கொல்லைத் தரையில் ஒரு கோடாக இன்றும் கிடக்கிறது.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. முன்னால் திண்ணை, நடுவில் கூடம், பின்னால் கொல்லை. கொல்லையின் கோடியில் கிணறு. கிணற்றுக்கு இந்தப் பக்கம் துவைகல், ஒரு செம்பருத்தி, ஒரு முருங்கை. பின்வாசல் படிக்கும் கிணற்றுக்கும் நடுவே 20 அடிக்கு 15 அடி வெறும் மண். வெயில் காலத்தில் அந்த மண்ணைப் போல் சமர்த்து கிடையாது. சாணம் தெளித்துப் பெருக்கிவிட்டால் பாய் போடாமலே படுக்கலாம். ஐப்பசி பிறந்துவிட்டாலோ அதன் குணம் மாறிவிடும். காலை வைத்தால் விடாது. விட்டால் செருப்பைக் கொடுக்காது.

ஓர் ஐப்பசியில் அம்மா அங்கே வழுக்கி விழுந்தாள். எழுபத்தெட்டு வயது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு பிசகிவிட்டது. ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். கட்டை அவிழ்த்த பிறகு கை சரியாகிவிட்டது. ஆனால் அம்மா கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் நான் இதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலையில், "செம்பருத்தி பூத்திருக்கான்னு பாத்துட்டு வாப்பா" என்றாள். மறுநாள், "கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" என்றாள். மூன்றாம் நாள், "முருங்கையில கம்பளிப்பூச்சி ஏறியிருக்கான்னு பாரு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது வருஷமாக விடிந்ததும் தானே போய்ப் பார்த்து வந்த சங்கதிகளை இப்போது பின்வாசல் நிலைக்கு உள்ளே நின்று அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். மழை விட்டு, மண் காய்ந்து, தை பிறந்த பிறகும் அவள் படி இறங்கவில்லை. வழுக்கிவிட்டது மண், பயம் என்னவோ காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வயதில் ஒருத்திக்கு வீடு பாதி உலகம் என்றால், கொல்லை மீதிப் பாதி. அந்தப் பாதியை அவளுக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. சிமெண்டுத் தரை யோசனை இப்படித்தான் வந்தது.

எங்கள் பகுதியில் முப்பது வருஷமாக வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவர் வந்தார். கூட ஒரு சித்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இன்னும் ஓர் இளைஞன். கொத்தனார் நாடாவைப் பிடித்து அளந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விநாடி உதட்டை அசைத்தார்.

"இருபதுக்குப் பதினஞ்சு. நாலு அங்குலக் கனம். நூறு கன அடி வருதுங்க ஐயா. ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலுன்னு கலந்தா பதினெட்டு மூட்டை ஆகும்."

அதாவது சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, ஜல்லி நான்கு பங்கு. ஆற்று மணல் அருமையாகிவிட்ட காலம் இது. பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்டுதான் வந்தது. சிமெண்டு மூட்டைகளை நான் ஆர்வத்தோடு முன்கூட்டியே வாங்கித் திண்ணையில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தேன். கொத்தனார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பலகை போட்டு, தரையைத் தொடாமல், சுவரைத் தொடாமல், மேலே தார்ப்பாய் மூடி, மறுபடியும் அடுக்க வைத்தார்.

"காத்துல இருக்கிற ஈரம் போதுங்க ஐயா, மூட்டைக்குள்ளேயே கட்டி தட்டிரும்."

ஈரம் சிமெண்டுக்குப் பகை என்று அன்றைக்கு மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். அதுவும் பாதிப் பாடம்தான் என்று பிறகு தெரிந்தது.

இந்தச் சிமெண்டு நமக்குப் புதுச் சரக்கு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டில் இதற்கு உரிமை வாங்கினார். இறுகிய பிறகு பார்க்க போர்ட்லண்டு என்ற ஊர்க் கல்லைப் போல் இருந்ததால் போர்ட்லண்டு சிமெண்டு என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் 1904ஆம் ஆண்டு சென்னையில்தான் முதலில் தயாரித்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் உற்பத்தி காலூன்றியது. கோயம்புத்தூருக்குப் பக்கத்து மதுக்கரையில் 1934இல் ஆலை வந்தது. இன்று எங்கள் மாவட்டத்துக் கரிக்காலியிலேயே சிமெண்டு ஆலை இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டைக் கட்டியவர்களுக்குச் சிமெண்டு தெரியாது. அது சுண்ணாம்பு வீடு.

அம்மாவுக்குத் தெரிந்ததும் சுண்ணாம்புதான். வேலை தொடங்குவதற்கு முந்திய நாள் மாலையில் ஒரு பனையோலைக் கொட்டானைக் கொண்டுவந்து கொத்தனார் முன்னால் வைத்தாள். உள்ளே கருப்பட்டி.

"இதைத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க கொத்தனாரே. எங்க மாமனார் இந்த வீட்டைக் கட்டறப்போ கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப் போட்ட தண்ணியிலதான் சாந்து அரைச்சாகளாம். இன்னைக்கும் சுவத்துல ஆணி எறங்க மாட்டேங்குது, பாருங்க."

கொத்தனார் கொட்டானை இரண்டு கையாலும் தூக்கி, வெடிமருந்தை நகர்த்துவது போலத் தள்ளி வைத்தார்.

"ஆத்தா, சுண்ணாம்புக்கு அது அமுதம். சிமெண்டுக்கு விசம். மூட்டைக்கு ஒரு கைப்பிடி விழுந்தாப் போதும், இறுகவே இறுகாது."

நான் நம்பவில்லை. பிறகு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். கொத்தனார் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. சிமெண்டுத் துகளும் தண்ணீரும் சேர்ந்து ஓர் இரசாயன மாற்றம் நடந்தால்தான் அது கல்லாகும். சர்க்கரை அந்தத் துகள்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீரோடு சேரவிடாமல் தடுத்துவிடும். சுண்ணாம்பு இறுகும் வழி வேறு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு நிதானமாகக் கல்லாகிறது. அதற்கு இனிப்பு உதவுகிறது. மாமனார் காலத்து ஞானம் பொய்யல்ல. சரக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். கருப்பட்டி வீணாகவில்லை. மறுநாள் எல்லோருக்கும் சுக்குக் காப்பியாக வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் அவள் அடுத்துக் கேட்ட கேள்விதான் வேலையின் போக்கையே மாற்றியது. கொத்தனார் நாலு மூலையிலும் முளை அடித்து, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துக்கொண்டிருந்தார். தரை கண்ணாடி போல மட்டமாக இருக்கும் என்றார். எனக்கும் அதில் ஆசை. மாலை வேளையில் அங்கே சாய்வு நாற்காலியைப் போட்டு எழுதுவதாக ஓர் உத்தேசம் இருந்தது. அம்மா நிலைக்கு உள்ளேயிருந்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுசரி கொத்தனாரே, விழுகிற தண்ணி எங்க போகும்?"

கொத்தனார் ரசமட்டத்தைக் கீழே வைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மண்ணுல விழுந்தா மண்ணு குடிச்சுக்கும். இது குடிக்குமா?" என்றாள் அம்மா. "மலைக்கோட்டையில போயிப் பாருங்க. அம்புட்டுப் பெரிய பாறை, ஒரு சொட்டு உள்ள எறங்காது. அதுக்குத்தான் மேல சுனை வெட்டித் தண்ணியத் தேக்கி வெச்சிருக்காக. நீங்க இங்க ஒரு பாறையக் கொண்டாந்து போடப் போறீக. சுனை எங்க?"

எங்கள் ஊருக்குப் பெயரே அந்தப் பாறையால் வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டு போட்டதைப் போலக் கிடக்கும் கல். 1605ஆம் ஆண்டில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் அதன்மேல் கோட்டை கட்டினார். 1755இல் ஹைதர் அலி அங்கே வந்து அதிகாரம் செய்தார். பீரங்கி மேடை, மதில், வெடிமருந்துக் கிடங்கு என்றுதான் நாம் குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். அந்தக் குளங்களுக்கு அருகில் வந்தால், எட்டிப் பார்க்காதே, விழுந்துவிடுவாய் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறோம். பாறைமேல் மழையைப் பிடித்து வைக்காவிட்டால் ஒரு கோட்டைக்குள் எத்தனை நாள் இருக்க முடியும்? மதில் இருந்தென்ன, பீரங்கி இருந்தென்ன?

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லி மீட்டர் மழை. முப்பது அங்குலத்துக்குச் சற்று மேல். 300 சதுர அடித் தரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் 25 கன அடித் தண்ணீர். ஏறக்குறைய 700 லிட்டர். ஆண்டுக்கு 22,000 லிட்டர். இத்தனை நாளும் இந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கொண்டிருந்தது. மட்டமாகத் தரை போட்டால் அது தேங்கிச் சுவரில் ஏறும். தெருப் பக்கம் சரித்தால் சாக்கடைக்குப் போகும். இரண்டும் அம்மாவின் கேள்விக்குப் பதில் ஆகா.

சுனை எங்கே என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது, நாங்கள்தான் மறந்துவிட்டோம். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாகக் கட்டாயமாக்கினார்கள் அல்லவா? அப்போது கிணற்றுக்குப் பக்கத்தில் நாங்களும் ஒரு குழி தோண்டி, செங்கல் உடைசலும் ஜல்லியும் மணலும் நிரப்பினோம். இரண்டு மழைக்காலம் ஒழுங்காகத்தான் குடித்தது. பிறகு வண்டல் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்ய வேண்டும் என்று நானும் பலமுறை நினைத்தேன், நினைத்ததோடு சரி. அதன்மேல் உடைந்த பூந்தொட்டிகள் குடியேறியிருந்தன. சட்டத்துக்குக் குழி இருந்தது, மழைக்கு இல்லை. இரண்டு நாள் செலவழித்து அதைத் தோண்டிக் கழுவி, மணலை மாற்றினோம்.

தரைக்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு என்று முடிவாயிற்று. வீட்டுச் சுவரிலிருந்து கிணற்றுப் பக்கமாகப் பதினைந்து அடிக்கு மூன்றே முக்கால் அங்குல இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். முருங்கையையும் செம்பருத்தியையும் சுற்றி மூன்றடி மண்ணை அப்படியே விட்டுவிடுவது என்றும் ஏற்பாடு. என் சாய்வு நாற்காலி லேசாகக் கிணற்றுப் பக்கம் சாயும். சாய்வு நாற்காலி சாய்வதில் என்ன குறை?

மண்ணை வெட்டி எடுத்து, கிராவல் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடித்தார்கள். 300 சதுர அடியை ஒரே பலகையாகப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். நாமே நாலு கட்டமாகப் பிரித்துவிட்டால் பிரித்த இடத்தோடு நின்றுகொள்ளும் என்று கொத்தனார் சொன்னார். எதிர் எதிர் மூலையாக முதல் நாள் இரண்டு கட்டம், அடுத்து மற்ற இரண்டு.

இனி என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம். காலை ஆறு மணிக்கே கலவை போட்டுவிட வேண்டும் என்றார் கொத்தனார். அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். முதல் நாள் இரவு வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு எழுந்திருப்பதில் நம்பிக்கை இல்லை. ராகுவின் மேல் பழியைப் போட்டேன். கொத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ராகு காலம் மனுசனுக்குங்க ஐயா. சிமெண்டுக்கு வெயில் காலமும் காத்துக் காலமுந்தான்."

ஒன்பது மணிக்குத்தான் தொடங்கியது. எங்கள் ஊருக்குக் கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத் தொடர். ஆனி ஆடியில் நடுவிலே புகுந்து மேல்காற்று அடிக்கும் அழகை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் ஆனியிலேயே ஒத்திகை நடக்கும். முதல் கட்டம் முடிந்தபோது பதினொரு மணி. உச்சி வெயில், வறண்ட காற்று. கொத்தனார் கரண்டியால் தேய்த்து மெழுகிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அரை மணி கழித்துச் சித்தாள் அம்மாள் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

மெழுகிய முகத்தில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். அவற்றில் ஒன்று விரல் நகம் நுழையும் அளவுக்கு, இரண்டு முழம் நீளத்துக்கு ஓடியிருந்தது.

நெற்றியில் பூசிய சந்தனம் காயும்போது வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சமாசாரம்தான். மேல்பரப்பின் ஈரத்தைக் காற்று உறிஞ்சும் வேகத்துக்கு அடியிலிருந்து ஈரம் ஏறி வர முடியவில்லை. மேலே சுருங்குகிறது, அடியில் சுருங்கவில்லை, நடுவிலே கிழிகிறது. சிமெண்டு காய்ந்து கல்லாவதில்லை. தண்ணீரைத் தனக்குள் வாங்கிக் கல்லாகிறது. காய்ந்துவிட்டால் கல்லாவது நின்றுபோகிறது. மூட்டைக்குள் இருக்கும்வரை எந்த ஈரம் அதற்குப் பகையோ, தரையாக விழுந்த பிறகு அந்த ஈரமே அதற்குத் தாய்ப்பால். நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் காற்றிலே நசநசப்பு என்று அலுத்துக்கொள்வார்கள். புதிதாகப் போட்ட தரையைக் கேட்டால் அந்த நசநசப்பைத்தான் வரமாகக் கேட்கும்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சித்தாள் அம்மாள் மட்டும் பேசாமல் போய், இரண்டு தென்னந்தட்டிகளைத் தேடி எடுத்துவந்து மேற்குப் பக்கம் மறைப்பாகக் கட்டினாள். இரண்டாவது கட்டம் காற்றுப் படாமல் விழுந்தது. மெழுகி முடித்ததும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் செங்கல் வைத்துவிட்டார்கள். அதில் ஒரு கீறல் இல்லை. மற்ற இரண்டு கட்டங்களும் புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பமாயின. ராகு எழுந்திருப்பதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன்.

அந்த இரண்டு கட்டங்களிலும் இன்னொரு மாறுதல் செய்தோம். தரை கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டும் என்பது கொத்தனாரின் தொழில் கௌரவம். மழை நாளில் கண்ணாடியில் நடக்கப் போவது யார் என்று நினைத்துப் பார்த்தேன். மெழுகிய ஈரம் அடங்குகிற பதத்தில் தென்னந்துடைப்பத்தை மெல்ல இழுத்து, குறுக்கே வரிவரியாகக் கோடு போடச் சொன்னேன். கொத்தனாருக்கு மனம் வரவில்லை. அழகான முகத்தைப் பிராண்டுவது போல இருந்திருக்கும். சித்தாள் அம்மாள்தான் துடைப்பத்தை வாங்கி, கோலத்துக்கு இழை இழுப்பதைப் போல நிதானமாக இழுத்து முடித்தாள். முதல் இரண்டு கட்டங்களையும் பிறகு உளியால் லேசாகக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டியதாயிற்று.

தரை போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான சோதனை ஆரம்பித்தது.

"பதினாலு நாள் தண்ணி நிக்கணுங்க ஐயா. சுத்திலும் மண்ணால வரப்புக் கட்டிப் பாத்தி மாதிரி நிறுத்திருவோம்" என்றார் கொத்தனார்.

பாத்தி கட்டி ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த என்ன ஆகும்? அதே கணக்குத்தான்: 700 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் 47 குடம். அதுவும் முதல் நாளைக்கு. வெயிலும் மேல்காற்றும் குடித்ததை மறுநாள், அதற்கு மறுநாள் என்று ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கலவைக்கே மூட்டைக்கு இருபத்தேழு லிட்டர் வீதம் ஏறக்குறைய 500 லிட்டர், அதாவது 33 குடம், ஏற்கெனவே போய்விட்டது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லாமலே விளங்கும். எங்கள் ஊரில் பூட்டுக்குப் பஞ்சம் வந்தது கிடையாது, தண்ணீருக்கு வந்திருக்கிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி என்று விசாரித்துவிட்டு மற்ற யோகக்ஷேமத்தை விசாரிக்கிற ஊர் இது. பெண் கேட்க வருகிறவர்களிடம்கூட வீட்டில் கிணறு உண்டா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனி மாதத்தில் எங்கள் கிணற்றிலோ அடியில் இரண்டு முழம் தண்ணீர். விடியற்காலையில் பத்துக் குடம் இறைத்தால் அப்புறம் மாலைக்குத்தான் ஊறும். தெருக்குழாயில் வரிசையாக நிற்கும் குடங்களைத் தாண்டி, லாரித் தண்ணீர் வரவழைத்துத் தரையிலே நிறுத்துவதா?

"குடிக்கிற தண்ணியத் தரையில ஊத்துனா பாக்கிறவுக வயிறு எரியாதா?" என்றாள் அம்மா. "எனக்காக இதெல்லாம் வேணாம்ப்பா. தரை எப்படி இறுகுதோ இறுகட்டும்."

ஊற்றாவிட்டால் தரை பொடியாகப் பெயரும். ஊற்றினால் அம்மா அந்தத் தரையில் நிம்மதியாக நடக்கமாட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சித்தாள் அம்மாள்தான் வழி சொன்னாள்.

"பாத்தி எதுக்குப் பெரியம்மா? சாக்க நனைச்சுப் போட்டு மேல பிளாஸ்டிக் தாளப் போட்டு மூடிருவோம். காத்துக் குடிக்காது. காலையில நாலு குடம், சாயங்காலம் ரெண்டு குடம். எங்க வீட்டுத் தரைய அப்படித்தான் எறுக வெச்சேன். தலையில சொமந்துக்கிட்டு வாற தண்ணி. நிறுத்தி வெச்சு வேடிக்கை பாக்க முடியுமா?"

கொத்தனார் யோசித்தார். தாள் விலகாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சரி என்றார். ஆள் நான்தான். பதினான்கு நாளும் காலையில் நான்கு குடம், மாலையில் இரண்டு குடம். எல்லாம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மொத்தம் 84 குடம். காற்று தாளைத் தூக்கும்போதெல்லாம் ஓடிப்போய் மறுபடி செங்கல்லை வைத்தேன். ஒருநாள் நடுநிசியில் படபடவென்று சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. சிமெண்டு தண்ணீரோடு சேரும்போது சூடு கிளம்பும் என்பார்கள். பகல் வெயிலின் மிச்சமாகவும் இருக்கலாம். எதுவானாலும், ஜுரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறவன் போலத்தான் அன்று திரும்பி வந்து படுத்தேன். எழுதும் அத்தியாயத்துக்கு அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறேனா என்பது சந்தேகம்.

பதினைந்தாம் நாள் சாக்கை எடுத்தோம். தரை சாம்பல் நிறத்தில், சுத்தியால் தட்டினால் கணீரென்றது. அம்மா படியில் நின்று பார்த்தாள். இறங்கவில்லை. நானும் அழைக்கவில்லை. தரை இறுக நாள் கணக்கு உண்டு. பயம் இளகுவதற்கு யார் கணக்குச் சொல்வது?

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு பிற்பகலில் வந்தது. பின்வாசலில் நானும் அம்மாவும் நின்றோம். தண்ணீர் தரையில் விழுந்து ஒரு விநாடி தயங்கியது. பிறகு யாரோ வழி சொன்னது போலக் கிணற்றுப் பக்கம் திரும்பியது. துடைப்பக் கோடுகளில் சின்னச் சின்ன வாய்க்காலாக நடந்து, ஓரத்தில் ஒன்றுகூடி, குழிக்குள் இறங்கியது. அம்மா சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு துளி தேங்கவில்லை.

"எத்தனை குடம்ப்பா இருக்கும்?" என்றாள்.

"ஓர் அங்குலம் பெய்தால் நாற்பத்தேழு குடம், அம்மா."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். கலவைக்கு முப்பத்துமூன்று, சாக்குக்கு எண்பத்துநாலு. ஆக நூற்றுப் பதினேழு. இரண்டரை அங்குல மழை.

"ரெண்டு மழையில கடன் தீந்துரும்" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. மழை விட்டதும் அவளாகவே படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினாள். பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். சொரசொரப்பு பிடித்துக்கொண்டது. மற்றக் காலையும் இறக்கினாள். நான் கையை நீட்டினேன். பார்க்காதது போல் இருந்துவிட்டாள். நேரே கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தாள், அங்கிருந்து முருங்கைக்கு, அங்கிருந்து செம்பருத்திக்கு.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கார்த்திகையில், வெயில் படாத மூலையில் பச்சையாகப் பாசி பிடித்தது. எங்கள் ஊர்த் தரைக்கு இரண்டு எதிரிகள்: ஆனி ஆடியில் வறட்டுக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் விடாத ஈரம். முதல் எதிரியைப் பதினான்கு நாள் காவலோடு ஜெயித்துவிடலாம். இரண்டாவதை வருஷா வருஷம் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் கொண்டு தேய்த்துத்தான் விரட்ட வேண்டும். குழியின் மேல் மணலையும் ஆண்டுக்கொருமுறை அலசிப் போட வேண்டும். அதைக் காலண்டரில் புரட்டாசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. முதல் மழைக்கு எங்கள் கொல்லை முழுவதிலிருந்தும் எழும் மண்வாசனை இப்போது முருங்கையைச் சுற்றியுள்ள மூன்றடியிலிருந்து மட்டும்தான் வருகிறது. அம்மா அங்கே போய் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறாள்.

முதல் கட்டத்துக் கீறலைச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்தோம். ஆனாலும் தெரிகிறது. வருகிறவர்கள் கேட்டால் நான் ஏதாவது சொல்லி மழுப்புவதற்குள் அம்மா முந்திக்கொண்டு விடுகிறாள்.

"அதுவா? அன்னைக்கு என் மகன் எந்திரிக்க நேரமாயிருச்சு" என்கிறாள்.

சொல்லிவிட்டு, விடிந்ததும் தானே போய்ப் பறித்துவந்த செம்பருத்தியைத் தட்டில் வைக்கிறாள்.